கனடாச் சாப்பாட்டுக்கு முகவரி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு, வணக்கம்.

கோடை பிறந்துவிட்டால் ஊரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் வந்து இறங்கிவிடுவார்கள். நயாகராவும் சி.என். கோபுரமும் காட்டி முடித்த கையோடு, "இந்த நாட்டுக்கென்று ஒரு சாப்பாடு இல்லையோ?" என்ற கேள்வியும் வரும். தமிழ்ப் பத்திரிகைகள் இதற்குத் தரும் பதில் அநேகமாக ஒரே அச்சில் வார்த்ததுதான்: ஐந்தாறு உணவின் பெயர், ஐந்தாறு கடையின் முகவரி. அதை நம்பிப் போனவர்கள் ஆறிப்போன புட்டினையும் (கிரேவி ஊற்றிய கிழங்குப் பொரியல்) காய்ந்துபோன பேக்கனையும் (உப்பிட்ட பன்றி இறைச்சி) தின்றுவிட்டு, "சப்பென்று கிடக்கு, எங்கட சாப்பாட்டுக்குக் கிட்டவும் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

ரொறன்ரோ உணவகங்களின் சமையற்கட்டுகளில் இந்தச் சாப்பாட்டை அன்றாடம் சமைத்துக் கொடுப்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். அந்த வேலையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த நாட்டுப் பழைய சமையலில் மசாலா குறைவு. ஆகவே பிழை விட்டால் மறைக்க இடமில்லை. சில பத்து நிமிடத்தில் கெட்டுவிடும், சில ஒரு நாளில். இன்னும் சில வருடத்தில் மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது. எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம், எந்த மாதம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

புட்டினையே எடுப்போம். 1950களில் கியூபெக்கின் கிராமப்புறத்தில் தொடங்கியது. வார்விக், டிரம்மண்ட்வில் என்ற இரண்டு ஊர்களும் இன்றுவரை அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. உருளைக்கிழங்குப் பொரியல், சீஸ் கேர்ட் (அழுத்திக் கட்டியாக்காத புதுச் சீஸ் துண்டுகள்), பழுப்பு நிறக் கிரேவி, இந்த மூன்றுதான் சங்கதி. கேர்ட் புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் 'கிரீச்' என்று சத்தம் போடும். கல்சியத்தால் இறுக்கிக் கட்டிய பால்புரத வலை பல்லில் உரசுவதால் வருகிற சத்தம் அது. நேரம் போகப் போக அமிலம் அந்தக் கட்டைத் தளர்த்திவிடும். பிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் சத்தம் நின்றுவிடும். கியூபெக் கடைகளில் அன்று செய்த கேர்டைப் பிரிட்ஜில் வைக்காமல் காசுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது இதனால்தான். அப்படி 24 மணித்தியாலம் வைத்து விற்க அங்கே அனுமதி உண்டு. ரொறன்ரோவில் கிடைப்பது பெரும்பாலும் குளிரூட்டிய பை. ஒட்டாவாவுக்குக் கிழக்கே 1894 முதல் இயங்கும் சென் ஆல்பேர்ட் கூட்டுறவுச் சங்கத்தின் கேர்ட் இங்குள்ள பல கடைகளில் இருக்கிறது. வாங்கும்போது பொதி செய்த திகதியைப் பாருங்கள். வீட்டில் அரை மணித்தியாலம் வெளியில் வைத்துக் குளிர் போகவிடுங்கள். ஏழெட்டு வினாடி மைக்ரோவேவில் காட்டினால் போன சத்தம் ஓரளவு திரும்பும். அதற்கு மேல் வைத்தால் உருகிவிடும். துருவிய மொசரெல்லாவைத் தூவிக் கொடுக்கும் கடையில் கிடைப்பது சீஸ் போட்ட பொரியல். அதைத் தின்றுவிட்டுப் புட்டினைக் குறை சொல்லக் கூடாது.

கிழங்குக்கு ரசெட் வகைதான் சரி. ஒரு சென்றிமீற்றர் கனத்தில் வெட்டி, மாப்பிடிப்புப் போக அரை மணித்தியாலமாவது குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். முதலில் 325 பாகை பரன்ஹீட் எண்ணெயில் ஐந்து, ஆறு நிமிடம்: கிழங்கு வெந்திருக்க வேண்டும், நிறம் மாறியிருக்கக் கூடாது. வெளியே எடுத்து ஆறவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் 375 பாகையில் இரண்டு, மூன்று நிமிடம். ஒரே தடவையில் பொரித்தால் கிரேவி பட்டவுடன் துவண்டுவிடும். பச்சைக் கிழங்கைப் பிரிட்ஜில் வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: குளிரில் மாச்சத்துச் சீனியாக மாறிவிடும், உள்ளே வேகமுன் வெளியே கருகும்.

நான்கு பேருக்கான கிரேவிக்கு மூன்று மேசைக்கரண்டி பட்டரில் அதே அளவு கோதுமை மாவைப் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, ஒரு கப் மாட்டு ஸ்டொக்கும் (இறைச்சி, எலும்பு அவித்த சாறு) ஒரு கப் கோழி ஸ்டொக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். தாராளமாக மிளகும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் கேர்டின் வெளிப்புறம் இளகி உட்புறம் முழுசாக நிற்கும். ஊற்றிப் பத்து நிமிடத்துக்குள் தின்று முடிக்க வேண்டிய சாப்பாடு இது. வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்கு இறைச்சி தெரியாவிட்டாலும் கிரேவியில் இறைச்சிச் சாறு இருக்கும். "காளான் கிரேவி உண்டா, அந்தக் கிரேவி எந்த ஸ்டொக்கில் செய்தது, பொரிக்கும் எண்ணெயில் கோழியும் பொரிப்பீர்களா?" என்று மூன்றையும் கேளுங்கள். கேட்டால் சமையற்கட்டில் யாரும் கோபிப்பதில்லை. கேர்ட் பையில் மைக்ரோபியல் என்சைம் என்று அச்சிட்டிருந்தால் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பீமீல் பேக்கன். இது ரொறன்ரோவின் சொந்தச் சொத்து. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பன்றி இறைச்சித் தொழிலைப் பெரிதாக வளர்த்த வில்லியம் டேவிஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நகரத்துக்கு 'ஹொக்டவுன்' (பன்றி ஊர்) என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கும் அந்தத் தொழிலையே காரணம் காட்டுவார்கள். பன்றியின் முதுகுத் தசையை உப்புநீரில் ஊறவைத்து, ஈரத்தை இழுக்கவும் கெடாமல் காக்கவும் மஞ்சள் பட்டாணி மாவில் புரட்டினார்கள். இப்போது புரட்டுவது சோள மாவில். இதற்குப் புகை போடுவதும் இல்லை, வேகவைப்பதும் இல்லை. அமெரிக்காவில் 'கனேடியன் பேக்கன்' என்று விற்பது வெந்த சாமான். அதை நினைத்துக்கொண்டு இதைப் பச்சையாகப் பாணுக்குள் வைத்துவிடாதீர்கள். அரைச் சென்றிமீற்றர் கனத் துண்டு, சூடேறிய தட்டில் பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம், நடுவில் 71 பாகை செல்சியஸ் வந்தால் போதும். கொழுப்பு மிகக் குறைந்த தசை என்பதால் இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் செருப்புத்தோல்தான். மாவைக் கழுவக் கூடாது. ஓரம் மொறுமொறுப்பது அதனால்தான்.

இதைச் சாப்பிடச் சென் லோறன்ஸ் சந்தைக்குப் போவது வழக்கம். திங்கட்கிழமை சந்தை பூட்டு. சனிக்கிழமை மதியம் வரிசை நீளம். கூட்டத்துக்காகத் துண்டுகளை முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்தால் காய்ந்துவிடும். கிழமை நாளில் காலைப்பொழுதில் போய், உங்கள் கண்முன்னே தட்டில் போட்டுச் சுட்டுத் தருகிற கடையில் வாங்குங்கள். கடுகு பூசினால் போதும். முட்டை, சீஸ், தக்காளி எல்லாம் அடுக்கினால் இறைச்சியின் இனிப்பும் உப்பும் அமுங்கிப்போகும்.

ஒன்ராறியோவின் இனிப்பு பட்டர் டார்ட்: சிறு மாக் கிண்ணத்தில் பட்டரும் சீனியும் கலந்த பாகை ஊற்றி ஓவனில் சுடுவது. அச்சில் வந்த மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று 1900இல் பாரி நகரில் மருத்துவமனைக்கு உதவும் பெண்கள் குழு வெளியிட்ட சமையல் நூலில் இருக்கிறது. முந்திரிகை வற்றல் போடலாமா கூடாதா, நடுப்பகுதி வழிய வேண்டுமா இறுக வேண்டுமா என்று இந்த மாகாணத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் சண்டை. எங்கள் கட்சி: வற்றல் வேண்டும், வழியவும் வேண்டும்.

பன்னிரண்டு டார்ட்டுக்குக் கால் கப் மென்மையான பட்டர், அரைக் கப் அழுத்தி அளந்த பழுப்புச் சீனி, அரைக் கப் கோர்ன் சிரப், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வனிலா, ஒரு தேக்கரண்டி வினிகர், சிட்டிகை உப்பு, அரைக் கப் வற்றல். வினிகர் சேர்ப்பது இனிப்புத் திகட்டாமல் இருக்க, கோர்ன் சிரப் சேர்ப்பது சீனி மணல்போல் திரும்பக் கட்டாமல் இருக்க. கரண்டியால் கலந்தால் போதும், மெசினால் அடிக்காதீர்கள். அடித்தால் உள்ளே போன காற்று ஓவனில் பொங்கி, பாகு கிண்ணத்தை விட்டு வழிந்து தட்டில் ஒட்டிக் கருகிவிடும். குளிரவைத்த மாவைத் தட்டில் பொருத்தி, முதலில் வற்றலைப் பிரித்துப் போட்டு, பாகை முக்கால் பங்குக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். மாவில் ஊசித்துளை இருந்தாலும் பாகு கீழே இறங்கிச் சீமெந்துபோல் பிடித்துக்கொள்ளும். 400 பாகை பரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம். நடுப்பகுதி இன்னும் ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறும்போது இறுகும். எடுத்த சூட்டோடு ஓரத்தைச் சுற்றிக் கத்தி ஓட்டாவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்கலாம்.

கடையில் வாங்குபவர்கள் மாவு எந்தக் கொழுப்பில் பிசைந்தது என்று கேட்க வேண்டும். பழைய முறையில் செய்பவர்கள் பன்றிக் கொழுப்புத்தான் போடுவார்கள். மொறுமொறுப்புக்கு அதை வெல்ல எதுவுமில்லை என்பதும் உண்மை. பட்டரில் செய்பவர்களும் தாராளமாக இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் மிட்லண்ட் நகரில் இதற்கென்றே நடக்கும் திருவிழாவில் ஒரே தெருவில் பல பேரின் டார்ட்டை ஒப்பிட்டுச் சுவைக்கலாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோ பார் என்ற அடுக்கு இனிப்புப் பற்றி ஒரு வரி: ஓவன் இல்லாமல் செய்வது, நடுவில் வரும் மஞ்சள் அடுக்குக்கு நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் அதே கஸ்டர்ட் தூள்தான். மேலே ஊற்றிய சொக்லேட் முழுதாக இறுகமுன் கத்தியால் கோடு போட்டுவையுங்கள், பிறகு வெட்டும்போது வெடிக்காது.

மேப்பிள் பாணிக்கு, அதாவது மேப்பிள் சிரப்புக்கு வருவோம். நம் வீடுகளில் பான்கேக் மேல் ஊற்றுவது பாதிக்கு மேல் மேப்பிள் பாணியே இல்லை. 'டேபிள் சிரப்', 'பான்கேக் சிரப்' என்று எழுதியிருந்தால் அது வாசனை சேர்த்த சோளப் பாகு. உண்மையான போத்தலில் உட்பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஏறக்குறைய 40 லீற்றர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. விலை கூடுவது ஏன் என்று இனிக் கேட்க வேண்டாம். தங்க நிறம், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று 'ஏ' தரத்திலேயே நான்கு உண்டு. இவை தரத்தின் படிகள் அல்ல, சுவையின் படிகள். வெளிர் நிறம் பருவத் தொடக்கத்தில் எடுத்தது, மெல்லிய மணம், மேலே ஊற்ற நல்லது. சமையலுக்கும் பலகாரத்துக்கும் கடும் நிறத்தை வாங்குங்கள். வெளிர் நிறத்தைப் போட்டால் மணம் எங்கே போனதென்றே தெரியாது. திறந்த போத்தல் பிரிட்ஜில் இருக்க வேண்டும், வெளியில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஃபிரீசரில் வைத்தாலும் கட்டியாக உறையாது. தகரத்தில் வாங்கியதைத் திறந்தவுடன் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.

இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் மேலும் போய்வரும் மார்ச், ஏப்ரல் வாரங்களில்தான் சாறு இறங்கும். மொட்டு விரிந்தால் சாற்றின் சுவை கெட்டுவிடும், பருவம் முடிந்தது. வோனிலுள்ள கோற்றைட் நிலையத்திலும் ஸ்ரவ்வில் பக்கமுள்ள புரூசஸ் மில்லிலும் மார்ச்சில் காய்ச்சுவதை நேரில் பார்க்கலாம். அங்கே பனியில் ஊற்றித் தரும் மிட்டாயை வீட்டிலும் செய்யலாம். சுத்தப் பாணியை அகலமில்லாத, உயரமான பாத்திரத்தில் 113 பாகை செல்சியஸ் வரும்வரை காய்ச்சி, இறுக்கி நிரப்பிய சுத்தமான பனிமேல் கோடாக ஊற்றிக் குச்சியில் சுருட்டுவதுதான் வேலை. வெப்பமானி இல்லாமல் முயல வேண்டாம். சூடு குறைந்தால் பனிக்குள் இறங்கிவிடும், கூடினால் கண்ணாடியாக உடையும். பொங்கும்போது ஒரு துளி பட்டர் போட்டால் அடங்கும்.

இனி நாங்கள் இந்தக் கடிதத்தை எழுத முக்கிய காரணமான ஒன்று. மே மாதத்தில் சந்தைகளில் ஃபிடில்ஹெட் என்ற சுருள் பன்னத் (பெரணிச் செடி) தளிர் வரும். நெருப்புக்கோழிப் பன்னத்தின் விரியாத குருத்து அது. பச்சைப் பசேலென்று இருப்பதைக் கண்டு, கீரைதானே என்று வெங்காயம், மிளகாயோடு இரண்டு நிமிடம் வதக்கி இறக்கினால் வீட்டில் எல்லோருக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரக்கூடும். ஹெல்த் கனடா சொல்லும் முறை இது: பழுப்புத் தோலை உதிர்த்து, பல தண்ணீரில் அலசி, நிறையத் தண்ணீரில் 15 நிமிடம் அவிக்க வேண்டும், அல்லது 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவிட வேண்டும். அவித்த தண்ணீரை வேறெதற்கும் பாவிக்காமல் ஊற்றிவிட வேண்டும். தாளிப்பதோ வதக்குவதோ அதற்குப் பிறகுதான். ஃபிரீசரில் இருந்து எடுத்ததற்கும் இதே கணக்கு. பாதி வெந்து மொறுமொறுப்பாக இருந்தால்தான் ருசி என்று சொல்லும் சமையல் காணொளிகளை நம்பாதீர்கள்.

ஸ்காபரோவில் ரூஜ் பூங்காவுக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் கவனிக்க: அது தேசிய நகர்ப்புறப் பூங்கா. அங்கே செடி, குருத்து எதையும் பிடுங்குவது குற்றம். நகரசபைப் பூங்காக்களுக்கும் அதேதான். மேலும் எல்லாப் பன்னமும் தின்னும் பன்னம் அல்ல. தின்னக்கூடியதன் தண்டில் உட்பக்கமாக ஆழமான பள்ளம் ஓடும். தெரியாதவர்கள் சந்தையில் வாங்குவதே மேல்.

பழமை என்று பேசும்போது புட்டினுக்கும் டார்ட்டுக்கும் பல்லாயிரம் ஆண்டு முந்தியது இந்த மண்ணின் முதற்குடிகளின் உணவு. உணவகப் பட்டியல்களில் அது விடுபடுவது சரியல்ல. வடமேற்கு ஒன்ராறியோவின் ஏரிகளில் அனிஷினாபே மக்கள் வள்ளத்தில் போய்த் தட்டி அறுவடை செய்யும் காட்டரிசி தாவர இனத்தால் நம் அரிசிக்கு வேறு. கடையில் இருக்கும் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். கருகருவென்று மினுங்குவது பெரும்பாலும் வயலில் பயிரிட்டது, வேக 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஏரியில் எடுத்து விறகில் வறுத்தது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், புகை மணம், அரை மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர், மணி வெடித்துச் சுருளும்போது இறக்கி வடித்துவிட வேண்டும். சோற்று அளவுக்குத் தண்ணீர் வைத்து ரைஸ் குக்கரில் போட்டால் தண்ணீர் வற்றிக் குக்கர் நின்றுவிடும், மணி கல்லாகவே கிடக்கும்.

பானக் ரொட்டியின் வரலாறு கசப்பானது. வேட்டை நிலங்களிலிருந்து ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் அந்த ரொட்டியை அவர்களின் அன்றாட உணவாக்கின. மூன்று கப் கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு, ஒன்றேகால் கப் தண்ணீர். தேங்காய்ப்பூ ரொட்டிக்குக் குழைப்பதைவிடக் குறைவாகத்தான் கைபட வேண்டும். அழுத்திப் பிசைந்தால் எழும்பாது. 400 பாகை பரன்ஹீட்டில் 25 நிமிடம். ஜூன் 21, முதற்குடிகளின் தேசிய நாள். அதையொட்டி நடக்கும் பௌவௌ (முதற்குடிகளின் பாட்டும் ஆட்டமும் கூடிய ஒன்றுகூடல்) நிகழ்வுகளில் சுடச்சுட வாங்கலாம். ஸ்பாடைனா வீதியிலுள்ள ரொறன்ரோ முதற்குடிகள் நிலையத்தில் விசாரித்தால் திகதி தெரியும். மான் இறைச்சி என்று உணவகத்தில் வருவது பண்ணை மான்தான். வேட்டையாடிய இறைச்சியை விற்க ஒன்ராறியோவில் அனுமதியில்லை.

கடல் உணவில் அத்திலாந்திக் கரையின் சிங்கி இறாலுக்கு மே, ஜூன் நல்ல காலம்: பல பகுதிகளில் பருவம் திறந்திருக்கும், விலை இறங்கும், ஓட்டுக்குள் சதை நிறைந்திருக்கும். உயிரோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஒன்றேகால் இறாத்தல் உருப்படிக்கு உப்புத் தண்ணீரில் பத்து, பன்னிரண்டு நிமிடம். டிசம்பரில் கியூபெக்கின் தூர்த்தியேர் வரும். கராம்பு, கறுவா மணக்கும் இந்த இறைச்சிப் பை நம் நாவுக்கு உடனே ஒத்துப்போகும். மொன்றியல் முறையில் பன்றியும் சில வேளை மாடும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பட்டாணிச் சூப்பும் இதே கதை: பருப்புத்தானே என்று நினைப்பவர்களுக்குச் சூப்புக்குள்ளே பன்றி எலும்பு காத்திருக்கும். (இலங்கைக்குப் போகும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு சஸ்காச்சுவானில் விளைவது. அந்த வகையில் கனடாச் சாப்பாட்டை நாம் ஊரிலேயே சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறோம்.)

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. உணவகப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் இரண்டு விபரம் சேருங்கள்: எந்த மாதம் அல்லது எந்த நேரம் போக வேண்டும், பன்றிக் கொழுப்போ மாட்டு ஸ்டொக்கோ உண்டா. ஃபிடில்ஹெட் அவிக்கும் முறையை மட்டும் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே, கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவகச் சமையற்கட்டுகளில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ